வண்டி வழக்குக்காக முதன்முறை கோர்ட் படி ஏறுகிறவர்களுக்கு

எங்கள் ஊர் ஜே.எம். கோர்ட் (குற்றவியல் நடுவர் நீதிமன்றம்) வராந்தாவில் தினமும் காலையில் ஒருவராவது கையில் மடித்த சம்மனோடு வந்து நிற்பார். வழிப்பறி செய்தவரோ அடிதடிக்காரரோ அல்ல. மளிகைக் கடை வைத்திருப்பவர், பால் வண்டி ஓட்டுபவர், கல்லூரி மாணவர் என்று நம்மைப் போன்ற ஆள்தான். வாழ்நாளில் கோர்ட்டுப் பக்கம் வராதவரை வண்டி ஓட்டிய குற்றம் கொண்டுவந்து விட்டிருக்கும். கருப்பு கவுன் போட்ட யாரைப் பார்த்தாலும் அவர் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "சார், ஒப்புக்கிட்டு ஃபைன் கட்டிட்டா முடிஞ்சிடுமா?"

ஒரு தாலுகா ஊரில் குற்றவியல் வழக்குகள் நடத்தும் வக்கீல் நான். இந்தக் கேள்விக்குச் சில வழக்குகளில் "முடிஞ்சிடும், கட்டிட்டு வீட்டுக்குப் போங்க" என்று சொல்லியிருக்கிறேன். சில வழக்குகளில் "தயவுசெய்து வாயைத் திறக்காதீங்க" என்று சொல்லியிருக்கிறேன். உங்கள் வழக்கு இதில் எந்தப் பக்கம் என்று நீங்களே தெரிந்துகொள்ளத்தான் இதை எழுதுகிறேன். எல்லாம் தமிழ்நாட்டு நடைமுறை.

முதல் படி: கையில் இருப்பது என்ன தாள்?

மூன்று வகைத் தாள்களில் ஒன்று உங்களிடம் இருக்கும்.

ஒன்று, சலான். ஹெல்மெட் இல்லை, சிக்னல் தாண்டினார், இன்ஷூரன்ஸ் இல்லை போன்றவை. மோட்டார் வாகனச் சட்டம் 200-ஆவது பிரிவு, இவற்றில் பெரும்பாலானவற்றைக் கோர்ட்டுக்குப் போகாமல் பணம் கட்டி முடித்துக்கொள்ள விடுகிறது. 2019 திருத்தத்தில் உயர்ந்த அபராதங்கள் நம் மாநிலத்தில் 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தன. ஹெல்மெட்டுக்கு 1,000 ரூபாய் ஆனது அப்போதுதான். அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்துக் கட்டலாம். கட்டாமல் விட்டால் அது விர்ச்சுவல் கோர்ட்டுக்குப் போகும். அங்கேயும் இணையத்திலேயே கட்டலாம். "நான் அந்தத் தப்பைச் செய்யவில்லை" என்றால் எதிர்ப்பைப் பதிவு செய்யலாம். வழக்கு வழக்கமான கோர்ட்டுக்கு மாறும். வாட்ஸ்ஆப்பில் "உங்கள் சலான்" என்று வரும் இணைப்பையோ ஆப்பையோ மட்டும் தொடாதீர்கள். வங்கிக் கணக்கைத் துடைத்துவிடும் மோசடிகள் அந்த வழியில் நடக்கின்றன.

இரண்டு, குடித்துவிட்டு ஓட்டியதற்கான, அதே சட்டத்தின் 185-ஆவது பிரிவு. இது 200-ஆவது பிரிவின் பட்டியலிலேயே இல்லை. அதனால் ரோட்டில் காசு கட்டி முடிக்க முடியாது, கோர்ட்தான் முடிக்க வேண்டும். ஆபத்தாக ஓட்டியதற்கான 184-உம் அப்படித்தான். ஓட்டும்போது கையில் செல்போன் வைத்திருந்ததற்கு மட்டும் அதில் விலக்கு உண்டு.

மூன்று, எஃப்.ஐ.ஆர். விபத்து நடந்து யாருக்காவது அடிபட்டாலோ உயிர் போனாலோ ஐ.பி.சி.-க்குப் பதிலாக வந்த புதிய குற்றச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின்படி வழக்கு. 281 என்றால் அஜாக்கிரதையாக ஓட்டியது, 6 மாதம் வரை தண்டனை. 125 (ஏ) என்றால் காயம். 125 (பி) என்றால் கொடுங்காயம், 3 ஆண்டு வரை. 106 (1) என்றால் மரணம், 5 ஆண்டு வரை. விபத்து 2024 ஜூலை 1-க்கு முன் நடந்திருந்தால் பழைய ஐ.பி.சி. எண்களான 279, 337, 338, 304-ஏ தான் இருக்கும். அப்போது மரணத்துக்கு உச்சத் தண்டனை 2 ஆண்டு.

சலானுக்குக் கட்டிவிட்டுப் போங்கள். மற்ற இரண்டுக்கும் தொடர்ந்து படியுங்கள்.

இரண்டாம் படி: வழக்கு எண்ணைப் பிடியுங்கள்

கோர்ட்டில் உங்கள் பெயரைவிட உங்கள் எண்தான் பெரியது. சம்மனில் எஸ்.டி.சி. என்று இருந்தால் சுருக்க விசாரணை வழக்கு. குடிபோதை வழக்குகள் பெரும்பாலும் இதில் வரும். சி.சி. என்று இருந்தால் சாட்சிகளை விசாரித்து நடத்தும் வழக்கு. எஃப்.ஐ.ஆர். எண் மட்டும் இருந்தால் அது ஸ்டேஷன் எண். குற்றப்பத்திரிகை கோர்ட்டில் கோப்புக்கு எடுக்கப்பட்ட பிறகுதான் கோர்ட் எண் விழும்.

ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் கோர்ட் வேலை பார்க்கும் காவலர் ஒருவர் உண்டு. காலையில் கட்டுக் கட்டாக ஃபைலோடு பெஞ்ச் கிளார்க் மேஜை அருகே நிற்பார். அவரிடம் கேட்டால் எண் தெரிந்துவிடும். இ-கோர்ட்ஸ் ஆப்பில் உங்கள் வழக்குக்கென்றே உள்ள 16 இலக்க சி.என்.ஆர். எண்ணைப் போட்டு வைத்துக்கொண்டால் அடுத்த வாய்தா தேதி செல்போனிலேயே தெரியும். யாரையும் தொங்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் கவனியுங்கள். போலீசார் காலவரம்பின்றி வழக்கைப் போட்டுக்கொண்டே இருக்க முடியாது. அபராதம் மட்டுமே தண்டனை என்றால் 6 மாதம், ஓராண்டு வரை சிறை என்றால் ஓராண்டு, மூன்றாண்டு வரை என்றால் மூன்றாண்டு. அதற்குள் எஃப்.ஐ.ஆர். பதிவாகியோ கோர்ட்டில் புகார் தாக்கலாகியோ இருக்க வேண்டும். விபத்துக்கு ஒன்றரை ஆண்டு கழித்து வெறும் 281-க்குச் சம்மன் வந்தால், முதலில் தேதிகளைச் சரிபார்க்கச் சொல்லி வக்கீலிடம் கேளுங்கள்.

மூன்றாம் படி: கோர்ட் நாள்

காலை 10 மணிக்கே போய்விடுங்கள். செல்போனை அணைத்துவிடுங்கள். சம்மன், ஆதார் நகல், லைசென்ஸ், ஆர்.சி., இன்ஷூரன்ஸ் நகல்கள் எல்லாம் கையில் இருக்கட்டும். லைசென்ஸைப் போலீசார் வாங்கி வைத்திருந்தால் அதற்குக் கொடுத்த ரசீதை எடுத்துப் போங்கள்; கொடுக்கவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள், அது உங்கள் உரிமை.

பெயரைக் கூப்பிடுவார்கள். கூட்டத்தில் பெயர் சிதைந்துதான் காதில் விழும். கதவருகே நின்றால் நல்லது. ஓடிப்போய்க் கூண்டருகே நில்லுங்கள். நடுவரை "ஐயா", "அம்மா" என்றாலே போதும், மரியாதை குறையாது. சினிமாவில் வருகிற வசனங்கள் எதுவும் தேவையில்லை.

எஃப்.ஐ.ஆர். வழக்காக இருந்தால் முதல் ஆஜரில் ஜாமீன் பேச்சு வரும். ஸ்டேஷனிலேயே ஜாமீன் கொடுத்திருப்பார்கள். 281, 125, 106 (1) எல்லாமே ஜாமீனில் விடக்கூடிய குற்றங்கள்தான். ஆனாலும் கோர்ட்டில் தனியாகப் பத்திரம் எழுதிக் கொடுக்கச் சொல்லலாம். அதற்கு ஜாமீன்தாரர் கேட்டால் அண்ணன், மாமா என்று யாராவது இருவர் ஆதார், ரேஷன் கார்டு நகலோடு வரத் தயாராக இருக்கட்டும். அன்று மதியம்வரை ஆளைத் தேடி அலைந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

குற்றப்பத்திரிகை, சாட்சிகளின் வாக்குமூலங்கள், மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை, பார்வை மகஜர் (சம்பவ இடத்தைப் பார்த்து எழுதிய குறிப்பு), வரைபடம் என்று போலீசார் தாக்கல் செய்த எல்லாவற்றின் நகலும் உங்களுக்கு இலவசம். அது கைக்கு வராமல் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்ல அவசரப்பட வேண்டாம்.

நான்காம் படி: "குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா?"

வழக்கின் மொத்த எடையும் இந்த ஒரு கேள்வியில்தான். இரண்டு நொடியில் கேட்டுவிடுவார்கள். பக்கத்தில் நிற்கிற யாரோ "ஆமாம்னு சொல்லுங்க, சீக்கிரம் முடிஞ்சிடும்" என்று கிசுகிசுப்பார். நீங்களும் தலையாட்டிவிடுவீர்கள். தலையாட்டிய பிறகு மேல்முறையீடு என்ற கதவு கிட்டத்தட்ட மூடிக்கொள்ளும். தண்டனை அதிகம் என்று மட்டும்தான் மேலே போக முடியும்.

முதலில் 185-ஐ எடுத்துக்கொள்வோம். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். முதல் தடவைக்கு 10,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மறுபடி மாட்டினால் 15,000 ரூபாய் அல்லது 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். கருவி ஊதிய சீட்டு இருக்கிறது, அளவு 90, 100 என்று காட்டுகிறது, நீங்கள் குடித்திருந்ததும் உண்மை என்றால், ஒப்புக்கொண்டு அபராதம் கட்டுவதுதான் பெரும்பாலும் சரியான முடிவு. முதல் தடவை என்பதையும் குடும்ப நிலையையும் சொல்லி, சிறை வேண்டாம் என்று கேட்கலாம். சில சமயம் "நீதிமன்றம் கலையும் வரை" என்ற தண்டனை சேர்ந்து வரும். அப்படியென்றால் அன்று சாயங்காலம்வரை அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும்.

10,000 ரூபாய் அன்றே கையில் இல்லையே என்று பயந்து பலர் கோர்ட்டுக்கே வருவதில்லை. தினக்கூலிக்காரருக்கு அது ஒரு மாத அரிசியும் வாடகையும். அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான்: அபராதத்துக்கு 30 நாள்வரை அவகாசமோ இரண்டு மூன்று தவணையோ கொடுக்க நடுவருக்கு அதிகாரம் இருக்கிறது. வாயைத் திறந்து கேட்டால்தான் கிடைக்கும். பணம் இல்லை என்பதற்காக வராமல் மட்டும் இருக்காதீர்கள்.

சந்தேகம் இருந்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அளவு எல்லைக்கோட்டில் இருந்ததா? சீட்டில் பெயரோ நேரமோ தவறா? இந்த வழக்கில் கைது செய்தால் இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும், இல்லையென்றால் விட்டுவிட வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. இதெல்லாம் வாதாட வேண்டிய விஷயங்கள்.

அடுத்து விபத்து வழக்கு. இங்கேதான் நான் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்: அடிபட்டது வேறொருவர் என்றால், வக்கீலோடு உட்கார்ந்து பேசாமல் ஒப்புக்கொள்ளாதீர்கள். 281-க்கு 1,000 ரூபாய்தானே, கட்டிவிட்டுப் போவோம் என்று தோன்றும். ஆனால் அடிபட்டவர் இழப்பீடு கேட்டு மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் தனியாக வழக்குப் போட்டிருப்பார். அங்கே உங்கள் தவறுதான் என்று காட்ட, நீங்கள் ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிய தீர்ப்பைத்தான் முதல் ஆவணமாகத் தூக்கிக் காட்டுவார்கள். உங்களிடம் செல்லுபடியாகும் லைசென்ஸ் இல்லாமல் இருந்திருந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி பணத்தைக் கட்டிவிட்டு வண்டி உரிமையாளரிடம் திரும்ப வசூலிக்க வரலாம். 1,000 ரூபாய் என்று நினைத்துக் கட்டியது பல லட்சத்துக்கு வாசல் திறந்துவிடும்.

ஐந்தாம் படி: வழக்கை நடத்துவது என்றால்

"ஒப்புக்கொள்ளவில்லை" என்று சொன்னால் நடுவர் கோபப்படுவார் என்று நினைக்க வேண்டாம். எழுதிக்கொண்டு சாட்சிகளுக்குத் தேதி போடுவார், அவ்வளவுதான். அப்புறம் சாட்சி விசாரணை, உங்கள் வக்கீலின் குறுக்கு விசாரணை, உங்களை நேரடியாகக் கேட்கும் கேள்விகள் (வக்கீல்கள் இன்னும் பழைய எண்ணை வைத்து "313 கேள்வி" என்றே சொல்கிறோம்), வாதம், தீர்ப்பு.

விபத்து நடந்தது என்பதால் மட்டும் நீங்கள் குற்றவாளி ஆகிவிட மாட்டீர்கள். அஜாக்கிரதை இருந்தது என்று அரசுத் தரப்புதான் நிரூபிக்க வேண்டும். எல்லா வாக்குமூலத்திலும் "அதிவேகமாக வந்து மோதினார்" என்று ஒரே வாக்கியம் இருக்கும். கர்நாடக அரசு தொடுத்த ஒரு லாரி வழக்கில் 1998-இல் உச்ச நீதிமன்றம், "அதிவேகம்" என்று சொல்வதாலேயே அஜாக்கிரதை நிரூபணமாகாது என்று தீர்ப்பளித்தது. வேகம் என்பது பார்ப்பவரைப் பொறுத்தது. எந்தச் சாலை, எந்த நேரம், என்ன கூட்டம் என்பதெல்லாம் வர வேண்டும். அதனால்தான் வரைபடமும் வாகன ஆய்வாளர் அறிக்கையும் முக்கியம். பிரேக் சரியாக இருந்ததா, வண்டியின் எந்தப் பக்கம் அடி, சாலையின் எந்த ஓரத்தில் மோதல் என்பதெல்லாம் அதில் இருக்கும். பக்கத்துக் கடையில் சிசிடிவி இருந்தால் விபத்து நடந்த வாரமே போய்க் கேளுங்கள். பல கடைகளில் சில நாளில் பழைய பதிவு அழிந்து புதியது ஏறிவிடும். வழக்கு கோர்ட்டுக்கு வரும்போது எதுவும் மிஞ்சாது.

சமரசம் பற்றியும் கேட்பார்கள். காயத்துக்கான 125-இல், காயம்பட்டவர் மனமொப்பினால் கோர்ட்டில் சமரசம் செய்துகொள்ளலாம். 281-க்கு அந்த வழி இல்லை. இரண்டும் சேர்ந்த வழக்கில் முழுவதும் முடிய, உயர் நீதிமன்றத்தில் ரத்து மனுவரை போக வேண்டியிருக்கலாம். மரண வழக்கில் சமரசமே கிடையாது. ஊர்ப் பெரியவர்கள் பேசி, குடும்பத்துக்கு ஒரு தொகை கொடுத்துவிட்டதால் வழக்கு போய்விட்டது என்று நம்பி, இரண்டு ஆண்டு கழித்து சம்மன் வந்ததும் அதிர்ந்தவர்கள் உண்டு. அந்தக் குடும்பத்துக்குச் செய்வதைச் செய்யுங்கள், செய்ய வேண்டும். ஆனால் வழக்கு தனி.

குடித்து ஓட்டி உயிர்ப்பலி என்றால் கணக்கே வேறு. 2006-இல் மும்பை கார்ட்டர் ரோடு நடைபாதையில் தூங்கிய தொழிலாளர்கள்மீது கார் ஏறி ஏழு பேர் இறந்த வழக்கில், அது வெறும் அஜாக்கிரதை அல்ல, கொலையாகாத மரணம் விளைவித்த குற்றம் என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அந்தப் பிரிவில் எளிதாக ஜாமீன் கிடைக்காது. அப்படி ஒரு வழக்கில் இருந்தால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு இன்றே ஒரு மூத்த வக்கீலைப் பாருங்கள்.

பிள்ளையின் கையில் வண்டி இருந்தால்

18 வயது ஆகாத மகன் ஓட்டி மாட்டினால், பெற்றோரும் வண்டி உரிமையாளரும் கூண்டில் நிற்க வேண்டும். 199-ஏ பிரிவில் 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. பையனுக்கு 25 வயதுவரை லைசென்ஸ் கிடைக்காது. டியூஷனுக்குத்தானே போகிறான் என்று சாவியைக் கொடுத்த அப்பாக்கள் கோர்ட்டில் கண்கலங்கி நிற்பதைப் பார்க்க எனக்குத் தாங்காது.

ஆறாம் படி: வாய்தா தவறக் கூடாது

சின்ன வழக்கு பெரிதாவது பெரும்பாலும் இங்கேதான். வரமுடியாத நாளில் வக்கீல் மூலம் ஆஜர் விலக்கு மனு போடலாம். அதையும் பழைய எண்ணிலேயே "317 போட்டாச்சா?" என்று கேட்டுக்கொள்வோம். மனுவும் இல்லை, ஆளும் இல்லை என்றால் பிடிவாரண்ட். ஏதோ ஒரு இரவில் ரோந்துப் போலீசார் பெயரைத் தட்டிப் பார்க்கும்போதோ, வெளியூர் வேலைக்காகப் போலீஸ் சரிபார்ப்பு வரும்போதோ அது எழுந்து வரும்.

வாரண்ட் விழுந்துவிட்டது என்று தெரிந்தால் ஒளியாதீர்கள். நீங்களாகவே வக்கீலோடு கோர்ட்டுக்கு வந்து, காரணத்தைச் சொல்லி ரத்து மனு கொடுங்கள். ஆஸ்பத்திரிச் சீட்டு, துக்க வீட்டு விவரம் என எது இருந்தாலும் சேர்த்துக் கொடுங்கள். தானாக வந்தவருக்கும் பிடித்துக் கொண்டுவரப்பட்டவருக்கும் கிடைக்கிற வரவேற்பு ஒன்றல்ல.

ஏழாம் படி: தீர்ப்புக்குப் பின்னால்

அபராதம் கட்டியதும் ரசீதை வாங்குங்கள். இடைத்தரகர் யாராவது "நான் கட்டிடறேன், நீங்க போங்க" என்றால் வேண்டாம். தீர்ப்பின் சான்றிட்ட நகலுக்கு மனுப் போட்டு வாங்கி, ரேஷன் கார்டோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள். தண்டனை கிடைத்து, அது தவறு என்று தோன்றினால் செஷன்ஸ் கோர்ட்டில் மேல்முறையீட்டுக்கு 30 நாள்தான்.

லைசென்ஸ் கதை தனியாக ஓடும். கோர்ட் அபராதத்தோடு விட்டாலும், ஆர்.டி.ஓ. அலுவலகத்திலிருந்து "ஏன் ரத்து செய்யக் கூடாது" என்று நோட்டீஸ் வரும். குடிபோதை, அதிவேகம், சிக்னல் மீறல், ஓட்டும்போது செல்போன் போன்றவற்றுக்குக் குறைந்தது 3 மாதம் நிறுத்தி வைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் சாலைப் பாதுகாப்புக் குழு 2015-இலேயே மாநிலங்களுக்குச் சொல்லிவிட்டது. நோட்டீஸுக்குப் பதில் எழுதுங்கள், நேரில் போய்ப் பேசுங்கள். வண்டி ஓட்டித்தான் சாப்பாடு என்றால் அதைச் சொல்லுங்கள். உத்தரவு வந்தபின் அதற்கும் 30 நாளில் மேல்முறையீடு உண்டு.

வளைகுடாவுக்கு டிரைவர் வேலைக்குப் போகிற தம்பிகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நிலுவையில் ஒரு குற்ற வழக்கு இருந்தாலே பாஸ்போர்ட் மறுக்கப்படலாம், அது பழைய குடிபோதை எஸ்.டி.சி. ஆனாலும் சரி. வழக்கு முடியவில்லை என்றால் அதே கோர்ட்டில் மனுப் போட்டு வெளிநாடு போக அனுமதி வாங்கிக்கொண்டு பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கலாம். 1993-இல் வந்த மத்திய அரசு அறிவிக்கை அதற்கு வழி வைத்திருக்கிறது. விசா வந்தபிறகு ஓடிவந்தால் காலம் போதாது. ஏஜென்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே இ-கோர்ட்ஸில் உங்கள் பெயரைத் தேடிப் பாருங்கள்.

வக்கீல் வைக்கக் காசு இல்லையா?

ஒவ்வொரு கோர்ட் வளாகத்திலும் சட்டப் பணிகள் குழு அலுவலகம் இருக்கிறது. பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழில் துறைத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு பார்ப்பார்கள். 15100 என்ற எண்ணுக்கு அழைத்தும் கேட்கலாம். தேசிய மக்கள் நீதிமன்றம் நடக்கும் நாளில் தேங்கிக் கிடக்கும் சின்னப் போக்குவரத்து வழக்குகளைப் பணம் கட்டி முடிக்கலாம். அந்தத் தேதியை அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருப்பார்கள். பெஞ்ச் கிளார்க்கிடம் உங்கள் எண்ணைக் கொடுத்து, பட்டியலில் சேர்க்க முடியுமா என்று ஒரு வாரம் முன்னதாகவே கேட்டுவிடுங்கள்.